பழைய தீட்டுக்கல் சரியாக வேலை செய்யவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சவரக்கத்திக்காகப் பழைய இயற்கைக் கல் வாங்கிய பலர், பார்சலைப் பிரித்த கையோடு அதைத் தேய்த்துச் சமப்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தேய்த்துக் கழுவிவிட்ட கல் திரும்ப வராது. பெல்ஜியத்துக் கோட்டிக்யூல் என்ற கல்லின் பலகைகள் பலவற்றில் வேலை செய்யும் மஞ்சள் அடுக்கே சில மில்லிமீட்டர்தான் மிச்சமிருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டரை அவசரத்தில் இழப்பது பெரிய நஷ்டம்.

'செத்த கல்', 'தீட்டாத கல்' என்று மலிவாகக் கைமாறும் கற்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறை எதுவும் இருப்பதில்லை. மேலே எண்ணெய் அழுக்கு, நடுவில் பள்ளம், அல்லது தவறான பெயர், இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். மீதிப் பழி கத்தியைச் சேரும். அதனால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு, அதற்குரியதை மட்டும் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பென்சில், எஃகு ஸ்கேல், மார்க்கர் பேனா, சமையலறைத் தராசு, கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) சில தாள்கள்.

விற்றவர் சொன்ன பெயரில் சந்தேகம். என்ன கல் என்றே தெரியவில்லை

மற்ற எல்லாக் குறைகளுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது இது. தண்ணீரில் தீட்ட வேண்டிய கல்லுக்கு எண்ணெய் விடுவதும், இறுதித் தீட்டலுக்கான கல்லில் மழுங்கிய கத்தியைக் கொண்டுபோய் உரசுவதும் பெயர் தெரியாததால் வருகிற வினைகள்.

முதலில் ஒரு மூலையை மட்டும் சுத்தம் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத்பிரஷ் போதும். எண்ணெய் ஊறி எல்லாக் கல்லும் ஒரே பழுப்பு நிறத்தில் வரும். அந்த மூலையில்தான் உண்மை நிறம் தெரியும். காகித லேபிள் இருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் படவே கூடாது. கொதிக்கும் தண்ணீரிலும் போடாதீர்கள். ஒட்டிய கல்லாக இருந்தால் பசை விட்டுப்போகும்.

கிரீம் அல்லது வெளிர் மஞ்சள் நிற அடுக்கும் அதன் கீழே கருநீலமோ ஊதாவோ கலந்த அடுக்கும் இருந்தால் அது கோட்டிக்யூல். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சால்ம் ஊரைச் சுற்றித் தோண்டி எடுத்த கல். கத்தியை அரிப்பது அதிலுள்ள ஸ்பெசார்ட்டின் என்ற கார்னெட் வகைப் படிகங்கள். சில மைக்ரான் அளவில் மைக்காவுக்குள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். இரண்டு அடுக்கும் பூமிக்குள்ளேயே ஒட்டி வளர்ந்திருந்தால் சேரும் கோடு சீராக இருக்காது, ஒன்றுக்குள் ஒன்று லேசாகக் கலந்திருக்கும். சேரும் கோடு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்து, கீழே வெறும் கருப்பு ஸ்லேட் தெரிந்தால் பசை போட்டு ஒட்டியது. இரண்டுமே நல்ல கல்தான். ஒட்டியது தாழ்வு என்று விலையைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. தீட்டும்போது அந்த வித்தியாசம் கத்திக்குத் தெரியாது.

ஒரே சீரான நிறம், மிருதுவான தொடுகை, சாம்பல் கலந்த பச்சை அல்லது நீலம் என்றால் ஜெர்மனியின் துரிங்கியன் கல்லாக இருக்கலாம். ஸ்டைனாக், ஸோன்னபெர்க் பகுதியிலிருந்து வந்தது. இதில் எஷர் நிறுவனத்தின் லேபிள் ஒட்டியதற்கு விலை எங்கேயோ போய்விட்டது. மஞ்சள் பச்சை, வெளிர் பச்சை, நீலப் பச்சை, கருநீலம் என்று நிறம் பிரித்து விற்றார்கள். விலை ஏறிய இடத்தில் போலி முளைக்கும் அல்லவா? லேபிள் பழையதாகவும் கல்லின் பக்கவாட்டில் ரம்பத் தடம் புதிதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேபிளின் தேய்மானமும் கல்லின் தேய்மானமும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாத துரிங்கியன் அதே சுரங்கப் பகுதியிலிருந்து வந்து, அதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்கிறது. தீட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆலிவ் பச்சையில் செந்நிறக் கோடுகள் ஓடினால் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், சார்ன்வுட் பகுதியில் எடுத்த சார்ன்லி ஃபாரஸ்ட். மிகக் கடினமான, மெதுவாக அரிக்கும் கல். வேல்ஸின் லின் இட்வால் கல்லும் ஏறத்தாழ இதே பச்சையில் வரும் என்பதால் இரண்டையும் மாற்றி விற்பது சகஜம். கோடு இல்லாத பச்சைக் கல்லுக்குச் சார்ன்லி விலை கொடுக்காதீர்கள்.

வெள்ளை, சாம்பல், கருப்பு, அல்லது செல்போன் டார்ச் வைத்தால் ஓரத்தில் ஒளி ஊடுருவும் கல் என்றால் அமெரிக்காவின் ஆர்கன்சா. நோவாக்குலைட் என்ற பாறை; கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ். இதன் தரத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, அடர்த்தியை அளந்து சொல்லலாம். கல்லை உலர்ந்த நிலையில் எடை பாருங்கள். அப்புறம் தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண் இடம்பெயர்ந்த தண்ணீரின் எடை. உலர் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 500 கிராம் கல்லுக்குத் தராசு 200 காட்டினால் 2.5. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதால் அதை நெருங்க நெருங்கக் கல் இறுக்கமானது, சவரக்கத்தியின் கடைசித் தீட்டலுக்கு ஏற்றது. 2.2, 2.3 பக்கம் வந்தால் வாஷிட்டா போன்ற வேகமாக அரிக்கும் வகை. பெட்டிமேல் 'லில்லி ஒயிட்' என்று பைக் (Pike) என்ற கல் நிறுவனத்தின் லேபிள் இருந்தால் அது இந்த வாஷிட்டாதான். பைக்கை 1932இல் நார்ட்டன் நிறுவனம் வாங்கியது, அதனால் இரண்டு பெயரிலும் கிடைக்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நார்ட்டனின் 'இந்தியா' கல் என்று பழுப்பு ஆரஞ்சு நிறத்தில் வருவது அலுமினியம் ஆக்சைடில் செய்த செயற்கைக் கல். பெயரைப் பார்த்து நம் ஊர்ப் பாறை என்று நினைத்துவிடாதீர்கள். அதேபோல் நாவிதர்களுக்கென்று விற்ற சிறிய, அழகாக அச்சுப் பதித்த கற்கள், ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரத்து ஸ்வாட்டி உட்பட, செயற்கையே. சேகரிக்கத் தக்கவை, ஆனால் இயற்கைக் கல் விலைக்கு அல்ல.

கத்தி கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்குகிறது; கல் அரிக்கவே இல்லை

காய்ந்த எண்ணெய் மெழுகுபோல் மேலே படிந்திருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பிசுக்கு வந்தால் காரணம் அதுதான். ஆர்கன்சா, சார்ன்லி போன்ற கடினக் கற்களை மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவலாம். பிடிவாதமாக இருந்தால் சலவைச் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். துரிங்கியனுக்கும் கோட்டிக்யூலுக்கும் மண்ணெண்ணெய் வேண்டாம். சோப்பும் பொறுமையும் போதும்.

கழுவிய பிறகும் வழுக்கினால் மேற்பரப்பு தேய்ந்து மெருகேறியிருக்கிறது. கோட்டிக்யூலிலும் துரிங்கியனிலும் இதற்கு மருந்து சுலபம்: அதே வகைச் சிறு கல்லால் சந்தனம் இழைப்பதுபோல் தேய்த்துச் சாந்து எழுப்பினால் புதிய துகள்கள் வெளியே வந்து அரிக்கத் தொடங்கும். ஆர்கன்சாவில் அப்படிச் சாந்து வராது. கண்ணாடிமேல் சிலிக்கன் கார்பைடு தூள், தண்ணீர் விட்டுத் தேய்த்துத்தான் முகத்தைத் திறக்க வேண்டும். வைரத் தகட்டை இதற்குப் பயன்படுத்தினால் கல்லைவிடத் தகடு முதலில் போய்விடும்.

ஆர்கன்சா விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மெருகு குறை இல்லை, அதுதான் கல்லின் பலமும். ஒரு முகத்தைச் சொரசொரப்பாகவும் மறுமுகத்தை மெருகேற விட்டும் வைத்துக்கொண்டால் ஒரே கல் இரண்டு கல்லாக வேலை செய்யும். மெருகேறிய முகம் கடைசிச் சில தீட்டல்களுக்கு.

எதைத் தேய்த்தாலும் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும். ஆர்கன்சா குவார்ட்ஸ், அதன் உலர்ந்த தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரலாம். இதில் அலட்சியம் கூடாது.

எண்ணெய் என்று சொன்னதும் சமையலறைக்குப் போகாதீர்கள். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாக இறுகும். தையல் மிஷின் எண்ணெய் போதும், விலையும் குறைவு.

எவ்வளவு தீட்டினாலும் முடியை இழுக்கிறது

இங்கே பெரும்பாலும் கல்மேல் தப்பில்லை. கத்தியின் பெவல், அதாவது கூருக்கு இருபுறமும் கல்லில் படும் மெல்லிய பட்டை, இன்னும் கூரில் சந்திக்கவில்லை. துரிங்கியனும் ஆர்கன்சாவும் ஏற்கெனவே கூரான கத்தியை மேலும் நயமாக்கும் கற்கள். மழுங்கிய கத்திக்குக் கூர் பிடித்துத் தருவது அவற்றின் வேலை இல்லை. 1000 எண்ணுள்ள செயற்கைத் தண்ணீர்க் கல்லில் அந்த வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். கெட்டியான சாந்துடன் வேகமாக அரிக்கும் கோட்டிக்யூல் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

எப்படி உறுதி செய்வது? பெவலில் மார்க்கர் மை பூசி, அழுத்தம் கொடுக்காமல் இரண்டு முறை தீட்டி லென்ஸில் பாருங்கள். கூரின் நுனியில் மை அப்படியே இருந்தால் கல் அங்கே தொடவே இல்லை. பழைய கத்திகளில் இதற்கு அடிக்கடி காணும் காரணம்: முன்னாள் உரிமையாளர் கத்தியின் முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டியிருப்பார். அதனால் பெவலின் கோணம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். டேப் இல்லாமல் தீட்டும் நீங்கள் பெவலின் பின்பாதியை மட்டுமே உரசிக்கொண்டிருப்பீர்கள். நீங்களும் ஒரு சுற்று டேப் ஒட்டித் தீட்டுங்கள். அல்லது 1000 கல்லில் மறுபடி கூர் சந்திக்கும்வரை உழையுங்கள்.

மை முழுக்கப் போய்விட்டால் தக்காளித் தோலில் சோதியுங்கள். அழுத்தாமல், கத்தியின் எடையிலேயே தோல் பிளக்க வேண்டும், அடிப்பகுதி முதல் நுனிவரை எல்லா இடத்திலும். ஓரிடத்தில் தயங்கினாலும் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.

ஒரு கல்லில் நன்றாக இருந்த கூர், அடுத்த கல்லில் போனதும் மந்தமாகிறது

இரண்டு கற்களின் முகமும் ஒத்துப்போகவில்லை. நீளவாக்கில் பள்ளம் விழுந்த கல்லில் கத்தியின் முதுகும் கூரும் பள்ளத்தின் இரு சரிவுகளில் உட்காரும். கூர் இருக்கும் இடத்தில் கல் மேல்நோக்கி ஏறுவதால் அங்கே கோணம் பெரிதாகும். அப்புறம் சமமான கல்லுக்கு வந்தால் கூரின் நுனி அந்தரத்தில் நிற்கும், மேலே சொன்ன டேப் கதைதான் இதுவும். பழைய கோட்டிக்யூல்களில் பெரும்பாலானவை பள்ளம் விழுந்தவை, நாவிதர் கடையில் பல வருடம் ஓடியவை.

ஸ்கேலை முகத்தின்மேல் நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் பள்ளம். நீளவாக்கு, அகலவாக்கு, இரண்டு மூலைவிட்டம் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். பிறகு முகம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய 220 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் ஒன்றாக அழிந்தால் சமம். 400, 600 என்று மாற்றி முடிக்கலாம். ஆர்கன்சாவுக்கு மட்டும் முன்பு சொன்ன தூள்தான். விளிம்புகளைச் சற்று மழுக்கி விடுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் இடித்துக் கூர் உடையும்.

ஆனால் பள்ளம் அதிகமாக இருந்து மஞ்சள் அடுக்கு மெலிந்திருந்தால் முழுவதும் சமப்படுத்த வேண்டியதில்லை. நீளத்தின் இரு முனைகளில் மட்டும் லேசாக ஏறியிருக்கும் கல்லில், நடுப்பகுதி அளவுக்குக் குறுகிய தீட்டல்களாகத் தீட்டினாலே பலன் கிடைக்கும். சமதளம் வேண்டும் என்பதற்காகப் பாதிக் கல்லைச் சாக்கடைக்கு அனுப்புபவர்களை எனக்குப் புரியவில்லை.

நடுவில் கூர், இரு ஓரங்களிலும் மந்தம் என்றால் கல்லை விட்டுக் கத்தியைப் பாருங்கள். கூர் வளைந்து புன்னகைபோல் இருந்தால், கத்தியைச் சற்று உருட்டியபடி குறுக்காக இழுத்துத் தீட்ட வேண்டும். கல் அப்படிப்பட்ட கத்திக்கு ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் படும்.

பெவலில் ஆழமான கீறல். தீட்டும்போது கரகரவென்று சத்தம்

மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலாவது, நீங்களே கொண்டுவந்த தூள். சமப்படுத்திய சிலிக்கன் கார்பைடு துகள் ஒன்று மிருதுவான கல்லின் முகத்தில் பதிந்திருந்தால் ஆயுள் முழுக்கக் கீறும். துரிங்கியனில் தளர்ந்த தூளைப் பயன்படுத்தவே கூடாது, வாட்டர் பேப்பர்தான். சமப்படுத்தியதும் பிரஷால் தேய்த்துக் கழுவி, சிறு கல்லால் சாந்து எழுப்பி, மறுபடி கழுவுங்கள். போர் தண்ணீரில் மணல் வருகிற வீடுகளில் வடிகட்டிய தண்ணீர் நல்லது.

இரண்டாவது, சாந்து எழுப்பப் பயன்படுத்திய கருவி. புதிய வைரத் தகடு கல்லைப் பெரிய துணுக்குகளாகப் பெயர்க்கும். பழகித் தேய்ந்த தகடோ அதே கல்லின் சிறு துண்டோ மேல். ஜப்பானியக் கற்களில் இது இன்னும் நுட்பமான விஷயம். அங்கே கியோட்டோப் பகுதிக் கல்லின்மேல் நாகுரா என்ற சிறு கல்லைத் தேய்க்கும்போது வெளிவருவது பெரும்பாலும் நாகுராவின் துகள். கீழே உள்ள விலையுயர்ந்த கல் சும்மா மேடை கொடுக்கிறது. அந்தப் பகுதியின் நாகயாமா சுரங்கக் கல்லைக் குறை சொல்பவர்கள் அநேக சமயம் குறை சொல்ல வேண்டியது அந்த நாகுராவை. போத்தான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று மிக்காவா நாகுராக்கள் கரடிலிருந்து நயத்துக்குப் போகும். முதல் இரண்டோடு நிறுத்திவிட்டு நயத்தை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, கல்லுக்குள்ளேயே உள்ள கடினக் கோடு. ஒரு பழைய கத்தியின் முதுகை எடையில்லாமல் மெல்ல நகர்த்திக் கேளுங்கள், தடங்கும் இடம் விரலுக்கும் தெரியும். கோட்டிக்யூலில் உள்ள கருப்புப் புள்ளிகளும் மெல்லிய கருங்கோடுகளும் பெரும்பாலும் தீங்கில்லாத மாங்கனீசு. பார்க்க அசிங்கமாக இருப்பது எல்லாம் கெடுதல் இல்லை. உண்மையிலேயே தட்டுப்படும் கோடு என்றால் ஊசிமுனையால் அதைச் சுரண்டி, சுற்றியுள்ள முகத்தைவிடத் தாழ்வாக்கி விடுங்கள். கோடு நீளமாக ஓடினால் கல்லைத் திருப்பிப் பின்முகத்தைச் சோதியுங்கள்.

கூரில் நுண்ணிய சில்லுகள்

கெட்டியான சாந்தில் நெடுநேரம் தீட்டினால் கூர் முன்னேறாது. கூர் முன்னோக்கிப் போகும்போது சாந்திலுள்ள துகள்களும் கூரை வந்து மோதிக்கொண்டே இருக்கும். கோட்டிக்யூலில் இதற்கு வழி, ஒவ்வொரு சுற்றிலும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சாந்தை நீர்த்துக்கொண்டே போய் வெறும் தண்ணீரில் முடிப்பது. நேரமெடுக்கும், ஆனால் ஒரே கல்லில் வேலை முடியும்.

சாந்தை மாற்றியும் சில்லுகள் வந்துகொண்டே இருந்தால், அதுவும் ஒரே இடத்தில் வந்தால், எஃகுக்குள் துரு. வெளியே பளபளக்கும், ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துப் பழைய கத்தியின் கூருக்கு உள்ளே கரும்புள்ளிகள் இருக்கலாம். தீட்டத் தீட்ட புதுப் புள்ளி வெளிவந்து உடையும். நல்ல உலோகம் வரும்வரை 1000 கல்லில் கூரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கத்தியைக் காட்சிக்கு வைத்துவிட வேண்டும். எந்தச் சுரங்கத்துக் கல்லாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

மழிக்கிறது, ஆனால் முகம் எரிகிறது

கூரின் விளிம்பில் பிசிறு நிற்கிறது. சுத்தமான தண்ணீரில், கத்தியின் எடைகூடப் படாத அளவுக்கு லேசாகப் பத்துப் பதினைந்து முறை தீட்டுங்கள். அப்புறம் தோல்வார்: முதலில் துணிப்பக்கம், பிறகு தோல்பக்கம் ஐம்பது அறுபது முறை, வாரை இறுக்கிப் பிடித்து. வார் தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். இத்தனைக்கும் பிறகு எரிந்தால் கல்லை மாற்றிப் பார்க்கலாம். கோட்டிக்யூல், துரிங்கியன் தரும் கூர் தோலுக்கு மென்மை என்று பலரும் சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆர்கன்சாவில் அதே மென்மை வர மெருகேறிய முகமும் அதிக நேரமும் வேண்டும்.

கல்லில் விரிசல், அடுக்கு பெயர்கிறது, ஒட்டு விடுகிறது

கல்லை விரல் நுனியில் தாங்கி நகத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நலம், மொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு. மேலோட்டமான பிளவில் மெல்லிய சூப்பர் குளூவை ஓடவிட்டு, காய்ந்ததும் முகத்தைச் சமப்படுத்தினால் பிழைத்துவிடும். ஸ்லேட்டிலிருந்து கழன்ற கோட்டிக்யூலுக்கு எபாக்ஸி. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகு. ஜப்பானியக் கற்களின் பக்கங்களிலும் அடியிலும் அரக்குச் சாயம் பூசுவது தண்ணீர் அடுக்குகளுக்குள் புகாமல் இருக்கத்தான். பூச்சு உரிந்த கல்லுக்குத் தெளிவான நெயில் பாலிஷ் இரண்டு முறை அடித்தாலும் அதே பலன். அந்தக் கற்களை வெயிலில் காயவைக்கவோ தண்ணீரில் ஊறப் போடவோ வேண்டாம். பயன்படுத்தியதும் துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கள்.

லேபிள் உள்ள கல்லுக்கு மட்டும் இந்த நெயில் பாலிஷ் வைத்தியம் செய்யாதீர்கள். லேபிள்மேல் எதையும் பூசினால் சேகரிப்பவர் யாரும் அதை வாங்க மாட்டார். தீட்டும்போது அந்த முனையை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாலே போதும்.